ஹேண்டில்பாரைக் கழற்றுவதற்கு முன்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை போய்த் திரும்பிய அன்று, வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டுச் சாவியைத் திருப்பியபோது, வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் வேறு யாருடையவோ போல மரத்துக் கிடந்தன. புதிதாக வாங்கிய, நேர்க் கைப்பிடி வைத்த சைக்கிள் அது. குற்றம் கைப்பிடியில்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, அடுத்த இரண்டு மாதங்களில் மூன்று ஹேண்டில்பார்களை மாற்றினேன்; விரல்கள் மரத்துப்போவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர், வண்டியைத் தொடாமலேயே தள்ளி நின்று பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, கை மரத்துப் போச்சுன்னா கைப்பிடியையே மாத்திட்டு இருப்பீங்களா? சீட்டு மூக்கு நெலத்தைப் பார்த்துட்டு நிக்குது, அதை மொதல்ல நிமித்துங்க” என்றார். சீட்டின் முனை ஒரு விரற்கடை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. அதனால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்க, வழுக்கிய எடையை மணிக்கணக்கில் உள்ளங்கைகள் தாங்கியிருக்கின்றன.

சைக்கிளில் நம் உடம்பு படும் இடங்கள் சீட்டு, பெடல், கைப்பிடி ஆகிய மூன்றுதான். இந்த மூன்றுக்கும் இடையிலான தூரத்தைச் சட்டம், அதாவது ஃபிரேம், வாங்கும்போதே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் ஸ்டெம்மும் அதில் சில சென்டிமீட்டர்களை மட்டும் திருத்தித் தரும். இன்னொன்றும் உண்டு: கை வைக்கும் இடம் மாறினால், முன்சக்கரத்தின் மேல் விழும் எடையும் அதைத் திருப்பும் நெம்புகோல் விசையும் கூடவே மாறிவிடும். ஆகவே கைவலிக்கு என்று செய்த மாற்றம் வளைவில் வண்டி திரும்பும் விதத்திலும் தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் சீட்டு

ஹேண்டில்பாரைப் பற்றிய எந்த முடிவும் சீட்டு சரியான இடத்துக்கு வந்த பிறகே எடுக்கத்தக்கது. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தடிமனான நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே சீட்டு அழுத்துவதைப் போல மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் கைகள் இரண்டும் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும்; 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. கணக்கு வேண்டாம் என்பவர்கள், பெடல் கீழே வந்து நிற்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்துப் பார்க்கலாம். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அதன்பின் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் தேவையான அளவு தானாகவே மடங்கியிருக்கும்.

உயரம் ஆனதும் கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றைச் சீட்டின் மேல் வைத்து முனை சாயாமல் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாக்கி, பெடல்கள் இரண்டும் தரைக்குக் கிடையாக நிற்கும்போது முன்கால் முழங்காலின் முன்பக்கத்திலிருந்து தொங்கவிடும் பழக்கம் உண்டு. நட்டு, பாதம் மிதிக்கும் பெடலின் அச்சுக்கு நேரே வந்து நிற்கும் இடத்தை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், கட்டாய விதியாக அல்ல. அதைவிட நான் நம்பும் சோதனை வேறு: சமதளத்தில் ஓரளவு அழுத்தி மிதித்துக்கொண்டே, கைகளைக் கைப்பிடியிலிருந்து ஒரு நூல் மட்டும் தூக்கிப் பாருங்கள். உடனே முன்னால் கவிழ்ந்தால், கைகள் வண்டியைத் திருப்புவதோடு உங்களையும் சுமக்கின்றன என்று பொருள். சீட்டு மிக முன்னால் இருக்கலாம், அல்லது கைப்பிடி மிகத் தூரத்தில் இருக்கலாம்.

இதற்குப் பிறகும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி விளிம்பில் ஓடும் அல்னார் நரம்பு அழுந்துகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்தால் மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பு அழுந்துகிறது. பிரேக் லீவர்கள் மிக மேலே தூக்கியிருந்து மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும்போது இது அடிக்கடி நேர்கிறது. லீவரின் போல்ட்டைத் தளர்த்தி, முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வருமாறு கீழே சுழற்றினால் போதும். ஒரு காசு செலவில்லை. கழுத்து வலி பெரும்பாலும் கைப்பிடி தாழ்ந்தோ தூரத்திலோ இருப்பதால் வரும். தோள்கள் காதை நோக்கி ஏறி நிற்பதைக் கூட வருபவர் கவனித்துச் சொன்னால், கைப்பிடி உங்களுக்கு அகலமாகவோ உயரமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டத்தை எப்படி அளப்பது

நம் ஊரில் சைக்கிளை 22 இன்ச், 24 இன்ச் என்றுதான் கேட்டு வாங்கினோம். அது சீட்டைத் தாங்கும் குழாயின் நீளம். தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போக ஒரே ஒரு கருப்புச் சைக்கிள் இருந்த வீடுகளில், அப்பாவின் 24 இன்ச் வண்டியில் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டே எல்லோரும் கற்றார்கள். சட்டம் உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்ற பேச்சே எழவில்லை. அந்த இன்ச் கணக்கு, பாருக்கு மேலே இரண்டு கால்களையும் ஊன்றி நிற்க முடியுமா என்பதைச் சொல்லும். கை எவ்வளவு தூரம் நீள வேண்டும் என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்பவை ஸ்டேக், ரீச் என்ற இரண்டு அளவுகள். பெடல் கைகள் சுழலும் அந்த நடு அச்சிலிருந்து, ஸ்டெம்முக்குக் கீழே இருக்கும் சட்டத்தின் முன்குழாயான ஹெட் டியூபின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். அதே முனை அச்சிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். இரண்டு கம்பெனிகளின் ‘மீடியம்’ வண்டிகளில் ஒன்றுக்கு ஸ்டேக் 540 மி.மீ., ரீச் 390 மி.மீ. என்றும், மற்றதற்கு 580, 375 என்றும் வைத்துக்கொள்வோம். ஒட்டியிருக்கும் அளவு லேபிள் ஒன்றேதான்; ஆனால் இரண்டாவது வண்டியில் கை 4 செ.மீ. உயரத்திலும் 1.5 செ.மீ. அருகிலும் வந்துவிடுகிறது. முதுகு இளகாத நடுத்தர வயதுக்காரருக்கு இரண்டாவது வண்டிதான். விவரப் பட்டியலைக் கேட்டால் முகம் சுளிக்கும் கடையில், அளவுநாடாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போவது என் வழக்கம்.

உயரம் போதவில்லை என்றால் ஸ்டெம்முக்கு அடியில் வளையங்களைச் சேர்த்து ஏற்றலாம். ஆனால் ஹெட் டியூப் சாய்ந்து நிற்பதால், ஒவ்வொரு 10 மி.மீ. உயர்வுக்கும் கைப்பிடி சுமார் 3 மி.மீ. பின்னால் வருகிறது. 30 மி.மீ. ஏற்றினால் ரீச் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும். சிலருக்கு இது வேண்டியதாகவே இருக்கும். உயரமானவர்களுக்கு முழங்கால் கைப்பிடியை நெருங்கத் தொடங்கும்.

சட்டத்தின் உலோகத்தைப் பற்றிக் கடைகளில் நடக்கும் வாதங்களில் பாதியை விட்டுவிடலாம். ஸ்டீல் அதிர்வை விழுங்கிவிடும், அலுமினியம் கையை உடைத்துவிடும் என்பார்கள். முக்கோணங்களால் ஆன சட்டம் எந்த உலோகத்தில் செய்தாலும் மேலும் கீழுமாக அமுங்குவது மிகக் குறைவு. காற்றடைத்த டயர் அதைப்போலப் பல மடங்கு அமுங்கும். 25 மி.மீ. டயரை எடுத்துவிட்டு 35 மி.மீ. டயரைப் போட்டுக் காற்றைச் சற்றுக் குறைத்தால் கிடைக்கும் சொகுசை எந்தச் சட்டமும் தராது. ஆகவே சட்டம் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு இடையே எவ்வளவு அகலமான டயர் நுழையும் என்பதே. கீழ்பவானி வாய்க்கால் கரையில் மண் பாதையில் ஓட்டுபவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குறுக்கே பார் இல்லாத, ‘லேடீஸ் சைக்கிள்’ என்று நாம் சொல்லும் சட்டத்தைச் சேலையோடும் வேட்டியோடும் ஏறி இறங்குவதற்காகத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்கள் கூச்சப்பட ஏதுமில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. முழு முக்கோணம் இல்லாததால் இந்தச் சட்டம் முறுக்கத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். சென்னிமலைப் பக்கத்தில் நூல் மூட்டை, திருப்பூரில் பனியன் துணிக்கட்டு என்று கேரியரில் உயரமாக ஏற்றினால், பின்பக்கம் ஒரு வழியும் கைப்பிடி ஒரு வழியுமாக ஆடுவது தெரியும். பால்காரர்கள் கேன்களை இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிடுவது எந்தச் சட்டத்துக்கும் பொருந்தும் சரியான முறை. பின் அச்சுக்கு அப்பால் நீண்டு நிற்கும் சுமை முன்சக்கரத்தின் எடையைக் குறைத்துவிடுவதால், திருப்பம் இலேசாகி, வண்டி நிலைகொள்ளாமல் அலையும்.

முன்சக்கரம் ஏன் நேராக ஓடுகிறது

மருத்துவமனைத் தள்ளுவண்டியின் குட்டிச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது தன் திருகு அச்சுக்குப் பின்னால் இழுபட்டே வரும். வண்டியை எந்தப் பக்கம் தள்ளினாலும் தானாக நேராகிக்கொள்ளும். சைக்கிளிலும் இதே ஏற்பாடு உண்டு. ஹெட் டியூபின் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். இது கூடினால் வண்டி நேராக ஓடப் பிடிவாதம் பிடிக்கும். குறைந்தால் விரலசைவுக்கே திரும்பும். டிரெயில் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது: டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிரெயிலின் உதவியும் சக்கரச் சுழற்சியின் உதவியும் இல்லாமலேயே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்து 2011-இல் காட்டினார்கள். ஆனால் கடையில் விற்கும் இரண்டு வண்டிகளை ஒப்பிடுவதற்கு டிரெயில் போதுமான அளவுகோல்.

டிரெயிலை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: ஹெட் டியூபின் சாய்வு, சக்கரத்தின் ஆரம், ஃபோர்க் முன்னோக்கி வளைந்திருக்கும் தூரம். ஒரு ரோடு சைக்கிளில் சாய்வு 72 பாகை, ஆரம் 340 மி.மீ., ஃபோர்க் வளைவு 45 மி.மீ. என்றால் டிரெயில் சுமார் 63 மி.மீ. வரும். பழைய கருப்புச் சைக்கிளைப் போன்ற ஒன்றில் சாய்வு 68 பாகை, ஆரம் 357 மி.மீ., வளைவு 75 மி.மீ. என்று வைத்தாலும் கணக்கு அதே 63-க்கு வந்து நிற்கிறது. படுத்த ஹெட் டியூபால் கூட வேண்டிய டிரெயிலை, அந்த நீளமான ஃபோர்க் வளைவு ஈடுகட்டிவிடுகிறது. எனவே சாய்வை மட்டும் பார்த்து ‘இது சோம்பல் வண்டி’ என்று முடிவு கட்டக் கூடாது. ஆனாலும் இரண்டும் ஒன்றுபோல ஓடுவதில்லை. ஹெட் டியூப் படுத்திருக்கும் வண்டியில் மெதுவாகப் போகும்போது கைப்பிடி ஒரு பக்கமாக விழப் பார்க்கும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் அதிகமாக இருப்பதால் வேகத்தில் அசையாமல் போகும். சந்தைக் கூட்டத்தில் கருப்புச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது ஏன் எளிதாக இருக்கிறது, மெல்ல ஓட்டிச் செல்வது ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைப்பிடியில் மாட்டிய மஞ்சப்பை இந்தக் கணக்கையெல்லாம் கெடுத்துவிடும். தேங்காய் இரண்டு கிடக்கும் பை ஊசலாடும்போது, வண்டியை ஓட்டுவது நீங்களா பையா என்பது தெளிவாக இருக்காது.

எந்தக் கைப்பிடி

கருப்புச் சைக்கிளில் வரும், பின்னோக்கி வளைந்து நம்மைப் பார்க்கும் கைப்பிடியைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். மணிக்கட்டு உள்பக்கம் திரும்பி இயல்பாக நிற்கிறது, முதுகு நிமிர்கிறது, எடை சீட்டுக்குப் போகிறது. பத்துக் கிலோமீட்டருக்குள் வேலைக்குப் போய் வருபவருக்கு இதைவிடச் சொகுசு வேறில்லை. விலை என்னவென்றால், கைகள் திருகு அச்சுக்குப் பின்னால் இருப்பதால், குறுகிய சந்தில் முழுதாகத் திருப்பும்போது பிடியின் முனை முழங்காலில் இடிக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பதும் சரியாக வராது. நிமிர்ந்து உட்கார்ந்தால் பள்ளங்களின் இடி முதுகெலும்பு வழியாகவே ஏறும் என்பதால், இந்தக் கைப்பிடிக்கு அகலமான சீட்டும் துணை வேண்டும்.

நேர்க் கைப்பிடியின் பலம் அதன் அகலம். அகலம் கூடினால் திருப்பக் குறைந்த விசை போதும், ஆனால் கை அதிக தூரம் நகர வேண்டும். குண்டும் குழியுமான பாதையில் முன்சக்கரம் கையை மீறாது. மலைப்பாதை வண்டிகளில் 740 முதல் 800 மி.மீ. வரை வருகிறது. ஊருக்குள் ஓட்டுபவருக்கு 600 மி.மீ. அளவே போதும், அதற்கு மேல் இருந்தால் பேருந்துக்கும் நடைமேடைக்கும் நடுவில் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு போக வேண்டும். அறுப்பதாக இருந்தால் பிடிகளையும் லீவர்களையும் முதலில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே நகர்த்தி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பிறகு இருபுறமும் சமமாக ரம்பத்தால் அறுங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது. முனைகளை அரத்தால் மழுக்கி மூடியும் போட்டுவிட வேண்டும். திறந்த குழாய் விழும்போது வயிற்றில் குத்தும்.

கீழ்நோக்கி வளைந்த டிராப் கைப்பிடியைப் பந்தயக்காரர்களுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் பல்லடத்திலிருந்து கோயம்புத்தூர் பக்கம் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் கருத்து மாறிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழி அல்ல, தினசரி நிலவரம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும்போது அதே 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றும் வந்தால், தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அப்போது கீழ்வளைவைப் பிடித்து உடம்பைத் தாழ்த்துவதுதான் வழி. கை வைக்க மூன்று நான்கு இடங்கள் இருப்பதால் ஒரே நரம்பு நெடுநேரம் அழுந்துவதுமில்லை. அகலத்தைத் தோள் எலும்பின் இரு முனைகளுக்கு இடையே அளந்து தேர்ந்தெடுப்பது வழக்கம். 38 முதல் 46 செ.மீ. வரை கிடைக்கும். உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம் வரும் சாலையில் காற்றாலைகளுக்கு நடுவே காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது கீழ்வளைவில் கை இறுகப் பிடித்திருப்பது முன்சக்கரத்தையும் கட்டுப்படுத்தும்.

ஸ்டெம்மின் நீளமும் கைப்பிடியைப் போலவே பேசும். ரோடு வண்டியில் 80 முதல் 120 மி.மீ., மலைவண்டியில் 35 முதல் 50 மி.மீ. என்பது பொதுவான அளவு. 100 மி.மீ. ஸ்டெம்மை எடுத்து 70 போட்டபோது என் தோள்வலி அந்த வாரமே குறைந்தது. ஆனால் வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, முன்சக்கரம் எடை குறைந்து, நெளிநெளியாகக் கோடு போட்டது. 90-க்குத் திரும்பினேன். ஒரே நேரத்தில் 10 மி.மீ.க்கு மேல் மாற்ற வேண்டாம் என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன்.

மாற்றும்போது எது எதனோடு பொருந்தும்

கம்பி பிரேக் போட்ட கருப்புச் சைக்கிளில் லீவர்கள் ஹேண்டில்பாரோடு சேர்ந்தே இருப்பதால், கைப்பிடியை மட்டும் மாற்ற முடியாது. பிரேக் முழுவதையும் கேபிளுக்கு மாற்ற நேரும். கேபிள் வண்டியில், ஸ்டெம் பிடிக்கும் இடத்துக் குழாய் விட்டத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்: 25.4, 26.0, 31.8 மி.மீ. என மூன்று பரவலாக உண்டு. 26.0 கேட்கும் ஸ்டெம்மில் 25.4 குழாயைத் தகடு வைத்து இறுக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுக்கொள்ளாதீர்கள், பிரேக் பிடிக்கும்போது அது சுழலும். நேர்க் கைப்பிடியில் பிடி மாட்டும் இடம் 22.2 மி.மீ., டிராப் கைப்பிடியில் 23.8 மி.மீ. என்பதால் ஒன்றின் லீவர் மற்றதில் ஏறாது. ஏறினாலும், நேர்க் கைப்பிடி வண்டிகளில் வரும் வி-பிரேக்குக்கு இழுக்க வேண்டிய கேபிள் நீளம் வேறு, டிராப் லீவர் இழுக்கும் நீளம் வேறு. நேர்க் கைப்பிடிக்கென்று ரீச் நீளமாக வடித்த சட்டத்தில் டிராப் போட்டால், கை இன்னும் முன்னால் போய், கழுத்து வலி புதிதாக வந்து சேரும். அந்த மாற்றத்துக்கு ஆகும் பணத்துக்கு நல்ல பழைய ரோடு வண்டி ஒன்றையே தேடலாம் என்பது என் கருத்து.

ஃபோர்க்குக்குள் இறங்கும் பழைய வகை ஸ்டெம்மை உயர்த்தும்போது, அதன் தண்டில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியக் கூடாது. இறுக்கிய பின் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு கைப்பிடியை வலுவாகத் திருகிப் பாருங்கள். நகர்ந்தால் இன்னும் இறுக வேண்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, எந்தக் கேபிளும் இழுபடவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது

ஈரோட்டிலோ கோவையிலோ பழைய சைக்கிள் பார்க்கப் போனால் ஒரு முழ நூலல்ல, நான்கு மீட்டர் நூல் கொண்டுபோங்கள். பின்சக்கரம் மாட்டும் பிளவு ஒன்றில் நூலைக் கட்டி, முன்னே கொண்டுபோய் ஹெட் டியூபைச் சுற்றி, மறுபுறமாக வந்து அடுத்த பிளவில் இறுக்கிக் கட்டுங்கள். சீட்டுக் குழாயிலிருந்து இருபுற நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 18 மி.மீ., மறுபக்கம் 23 மி.மீ. என்று வந்தால் சட்டம் வளைந்திருக்கிறது. கையை விட்டு ஓட்டும்போது ஒரு பக்கமாக இழுக்கும், கைப்பிடியால் அதைத் திருத்த முடியாது. ஃபோர்க் பின்னோக்கி மடங்கியிருந்தால், பெயின்ட் வெடிப்பு அதன் கழுத்தில் தெரியும்.

அடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கைப்பிடியை ஒரு விரலால் மெல்ல இடமும் வலமும் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் ‘டிக்’ என்று சிக்கி நின்றால், ஹெட் டியூபின் முனையில் குண்டுகள் உருளும் கிண்ணமான ஹெட் கப்பில் அந்தக் குண்டுகள் பள்ளம் தோண்டியிருக்கின்றன. இந்த வண்டி சாலையில் நேராக ஓடாமல், சிக்கி, விடுபட்டு, சிக்கி என்று அலையும். பலர் இதைக் கைப்பிடிக் கோளாறு என்றே நினைத்து விற்றுவிடுகிறார்கள். கப்பும் கோனும் குண்டும் மாற்றினால் தீரும் குறை என்பதால், விலையைக் குறைத்துக் கேட்டு வாங்க இது நல்ல இடம்.

வீட்டில் வேலையைத் தொடங்கும் முன், சீட்டுக் கம்பி, ஸ்டெம், லீவர் ஆகியவை இப்போது இருக்கும் இடங்களில் எலக்ட்ரிகல் டேப் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம், அதே சாலை, அதே தூரம். கைப்பிடியைத் தொட்ட முதல் பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி ஒரு சுற்று பாருங்கள். புது மாற்றம் பிடிக்கவில்லை என்றால் டேப் இருக்கும் இடத்துக்குத் திரும்பப் பத்து நிமிடம் போதும்.